அறுபத்தொன்று சதவீதம்

டேமா துறைமுகத்தில் எடை போட்டு வாங்கினேன்
ஒரு சாக்கு ஹார்ட் டிஸ்க்.
ஒவ்வொன்றிலும் காலி என்று சீட்டு ஒட்டியிருந்தது.

காலியாவது கீலியாவது.
அழி என்றால் கணினி அழிப்பதில்லை.
வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு
உள்ளே இருப்பவர்களை அப்படியே உட்காரவைத்துவிடும்.
கதவைத் தட்டத் தெரிந்தால் போதும்.
எனக்குத் தெரியும்.
கனேஷி சந்தையில் டெட்டேயின் கடை என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது டிஸ்க் டென்மார்க்கில் ஆர்ஹுஸிலிருந்து வந்தது.
பிர்கிட்டே என்று ஒருத்தி.
குப்பைத்தொட்டியைக் காலி செய்தபோது
காகிதம் கசங்குகிற அந்தப் பொய்ச்சத்தம் கேட்டிருக்கும்.
நிம்மதியாக எழுந்து போயிருப்பாள்.

ஒரே கடிதம். பதினான்கு முறை.
அவள் மொழி எனக்கு ஓர் எழுத்தும் புரியாது,
நீளம் புரியும்.
முதல் கடிதம் மூன்று பக்கம்
ஆறாவது ஒன்று
பத்தாவதில் நாலே வரி
கடைசியில் ஆஸ்கெர் என்று ஒரு பெயர்,
பக்கத்தில் ஒரு காற்புள்ளி,
பிறகு வெறும் வெள்ளை.

மஞ்சள் கண்ணாடிப் பையன் வந்தான்.
துடைக்காத டிஸ்க்குக்கு நூற்றைம்பது,
துடைத்ததென்றால் நாற்பது, அதுவும் யாராவது வாங்கினால்.
கடிதமெல்லாம் அவனுக்கு வேண்டாம்.
பிறந்த தேதி, வங்கி எண்,
அவள் யாரை நம்புவாள் என்கிற விவரம், போதும்.

வாடகை இரண்டு மாதம் பாக்கி.
யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
மிளகாய் அரைப்பில் தொட்டு
ஒரு கென்கே உருண்டையைத் தின்று முடிக்கும் வரை யோசித்தேன்.
பிறகு கையைக் கழுவினேன்.

பூஜ்யம்.
பூஜ்யத்தின் மேல் பூஜ்யம்.
வீட்டுக்குள் மணல் கொட்டுவதுபோல
ஜன்னல் வரை, உத்தரம் வரை.
அறுபத்தொன்றில் கரண்ட் போனது.

இதற்கு எங்கள் ஊரில் டம்சோர் என்று பெயர்,
அணைவதும் எரிவதும் ஒரே சொல்லில்.
இருட்டில் கொசுவை அடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
எந்தக் கடிதம் மணலுக்கு உள்ளே, எது வெளியே?
மூன்று பக்கமும் மூடிப்போய்
அந்தக் காற்புள்ளி மட்டும்
தலை நீட்டிக்கொண்டிருக்குமோ?

மூன்றரை மணிக்கு மின்விசிறி சுழன்றது.
முதலிலிருந்து தொடங்கினேன்.
நிச்சயமாகவா என்று கேட்டது.
அவளிடமும் இதையேதான் கேட்டிருக்கும்.
ஆம் என்று நம்பி அழுத்தியிருக்கிறாள்.
அந்த ஆமை
நான் இங்கே, இவ்வளவு தூரத்தில்,
இவ்வளவு தாமதமாக
அழுத்தினேன்.

சீட்டை மாற்றவில்லை.
காலி என்றுதான் இருந்தது,
இருக்கட்டும்.