நாற்பத்தொன்றும் பச்சை

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
எடை பார்த்து பில் போடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு
தானாக ஓடும் சோதனைகள் எழுதி முடித்தேன்.
நாற்பத்தொன்றும் பச்சை.

நஸ்ரின் நம்பவில்லை.
"கூலிக் கணக்கை வேணும்னே கெடு."
கெடுத்தேன்.
அப்போதும் பச்சை.

காத்திரு என்கிற ஒரு சொல்லை
எங்குமே நான் எழுதியிருக்கவில்லை.
விடை வந்து சேரும் முன்பே
சரியென்று கடையைச் சாத்தியிருக்கிறது சோதனை.

சேர்த்தேன். சிவந்தது.
கெடுத்ததைத் திருத்திய பின்னும்
ஒன்று மட்டும் சிவப்பு:
புள்ளி ஒன்று கிராமும் புள்ளி இரண்டும்
புள்ளி மூன்றாகவில்லை,
பதினேழாம் இடத்தில்
ஒரு நாலு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிஜத் தப்பு கிடைத்த நிம்மதியில்
ஜன்னலைத் திறந்தேன்.
ஏற்காட்டு மலையில் ஏறும் ஒற்றை விளக்கு
கொண்டை ஊசி வளைவில் மறைந்தது.

அடுத்த வளைவில் தெரியும்வரை
உட்காரவில்லை.