வாய் வழியே

அந்த மிருகத்துக்குக் கண் வெறும் பல்பு.
பார்ப்பதெல்லாம் வாய் வழியேதான்.
கீழ்ப்பல் வரிசைக்கு மேலே தெரியும்
தியேட்டர் வாசல், சைக்கிள் ஸ்டாண்டு,
கரும்புச்சாறு மெஷின்,
பள்ளிக்கூடம் போகாத ஏழெட்டுப் பயல்கள்.

சித்திரை வெயில். ரப்பர் தோல்.
நாளைக்கு முப்பது ரூபாய், ராத்திரிக்குப் பரோட்டா.
கடலடியிலிருந்து எழும்பிப்
பட்டணத்தை மிதிக்கிற பூதப்பல்லி நான்,
கடலே இல்லாத ஊரில்.
மானேஜர் ஒச்சப்பன் சொல்லித் தந்தது இவ்வளவே:
"உறுமு. வாலை எவனும் மிதிக்காமப் பாத்துக்க."

முதல் வாரம் கல்லெறிந்தார்கள்.
அடுத்த வாரம் திரையில் வால் தெரிந்ததுமே விசில்.
மூன்றாவதில் தரை டிக்கெட்டில் ஒருத்தன்
சூடம் கொளுத்தி அடி வாங்கினான்.
பீரங்கி சுட்டு, முழங்கால் மடங்கி,
பாலத்தின் மேல் அது தலை சாய்க்கையில்
"தூங்குனதத் தோண்டி எழுப்புனது நீங்கதானடா!"
என்று எழுந்து கத்தியது
மில் ஷிப்டு முடித்து வந்த செவனம்மா.
தலையெல்லாம் பஞ்சு.

மறுநாள் என் பற்களுக்கிடையே
ஒரு கோலிசோடா நீண்டது.
"குடி சாமி" என்றாளா, "குடி தம்பி" என்றாளா,
ரப்பருக்குள் சரியாகக் கேட்கவில்லை.

ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை படுத்திருக்கிறது.
மேற்கே நாகமலை.
ஊரை அழிக்க ஏவினவையாம் இரண்டும்.
ஏவினவன் யாரென்று
ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
வந்ததுகளுக்கு மட்டும்
படுக்க இடம், கூப்பிடப் பேர்,
போதாததற்கு பஸ் ஸ்டாப்பும்.

படத்தைத் தூக்கிய அன்று
சம்பள பாக்கிக்குத் தலையை எடுத்துக்கொண்டேன்.
வில்லாபுரத்தில் வீடு கட்டிய அழகுமலை மேஸ்திரி
திருஷ்டிக்குக் கேட்டார்.
பூசணிக்காய்க்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம்.
அந்த வீடு முடிந்ததும் அடுத்த வீடு,
அப்புறம் ஒரு கல்யாண மண்டபம், ஒரு நர்சிங் ஹோம்.
எத்தனை கூரைக்குக் காவல் நின்றது,
கணக்கு வைக்கவில்லை.
பல் மூன்று போய்விட்டது.
ஒரு கண்ணில் பல்பு இருக்கிறது, எரியாது.

போன மாதம் சாரத்தில் ஏறி
வாய்க்குள் எட்டிப் பார்த்தேன்.
என் பழைய வேர்வை நாற்றம் அப்படியே.
உள்ளே தேங்காய் நார்க் கூட்டில்
ஓர் அணில்குஞ்சு
என்னைப் பார்த்து நடுங்கியது.
"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றேன்.
குரல் உறுமலாகத்தான் வந்தது.

கீழேயிருந்து மேஸ்திரி:
"கயிறு இத்துப்போச்சுப்பா, பாத்து."