நாலு சாவி, மூணு பாட்டரி

காலை ஐந்தே கால்.
ஆலைச் சங்கு இன்னும் ஊதவில்லை.
கோலா கெட்டில் முழுக்க
வெந்த செம்பனைக் குலையின் வாடை.
குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஐந்து ஆணி;
நாலில் சாவி,
ஐந்தாவது பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு.
அது தீபாவளியிலிருந்து காணோம்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சன்னியின் பாட்டரியைக் குறட்டால் கழற்றுகிறேன்,
வீராவுக்கு மாட்ட.
ஆறரைக்குள் தேவகுஞ்சரி
சுங்கை பட்டாணி கையுறைத் தொழிற்சாலையில் நிற்க வேண்டும்.
அவள் அப்பா பள்ளிக்கூட ஜாகா,
"நான் நடந்தே போயிடுவேன்" என்பார்,
மழை வராத நாளாகப் பார்த்து.
எனக்கு ஆலையில் எடைமேடை.
நிறைந்த லோரி ஏறும், எண் எழுதுவேன்.
காலி லோரி இறங்கும், எண் எழுதுவேன்.
வீட்டிலும் கழித்தல் கணக்குத்தான்:
நாலில் இன்றைக்கு ஓடாதது எத்தனை?

சாகா என்று பேர் வைத்தவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது.
தொண்ணூற்றொன்றாம் வருஷத்து வண்டி,
மாதம் ஒருமுறை செத்து
மாதம் ஒருமுறை பேரைக் காப்பாற்றிக்கொள்கிறது.
வீரா மேட்டைக் கண்டால் இருமும்.
காஞ்சில் என்றால் சருகுமான்.
மூன்று சிலிண்டரில் ஒன்று
ஈரம் பட்டால் வாய் திறக்காது;
நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகும் மான்.
சன்னிக்கு ரிவர்ஸ் விழுவதில்லை.
அதை நிறுத்துமுன்
கிளம்பும் வழியை யோசித்தாக வேண்டும்.

கொல்லையில் இன்னொரு காஞ்சில், பச்சை.
ஆல்டர்னேட்டர், இடக் கதவின் கைப்பிடி,
ஒரு வைப்பர், கடைசியில் என்ஜினே
வெள்ளைக் காஞ்சிலுக்குப் போய்விட்டது.
கொடுக்கக் கொடுக்க முன்பக்கம் இலேசாகி
மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது,
ஊருக்கே அள்ளிக் கொடுத்தவன் மாதிரி.

பொத்தோங் கடைத் தவுக்கே லோ சொல்வார்:
"அக்கா, லோன் போட்டுப் புதுசு எடு லா.
மாசம் ஐந்நூறு வெள்ளிதானே."
ஒன்பது வருஷத்துக்கு ஐந்நூறு, தவுக்கே.
இதுகள் ஐம்பது கேட்கும், அறுபது கேட்கும்,
கேட்பதற்கு ஒரு வாரம் முன்னால்
கிரீச்சென்று சத்தமாவது கொடுக்கும்.
உங்கள் பேங்க் சத்தம் கொடுக்குமா?
அவர் சிரித்து
பழைய ரேடியேட்டரில் ஐந்து வெள்ளி குறைத்தார்.

மார்ச் மாதம் ஆலையில் போனஸ்.
சாலை வரிக்கு ஒதுக்கியது போக
நாலாவது பாட்டரி வாங்கினேன்.
வியாழக்கிழமை காலை
நாலும் முதல் திருப்பிலேயே எழுந்தன.
நாலும்.
வாசலில் நின்று கேட்டேன். எதுவும் இருமவில்லை.
பக்கத்து வீட்டு அஞ்சலிதேவி
ஜன்னலைத் திறந்து, "யாருக்காச்சும் முடியலையா?" என்றாள்.

வீராவில் மகள் போனாள்.
சாகாவில் அவர் போனார், ஜாகாவுக்கு,
வானம் சுத்தமாக இருந்தும்.
காஞ்சிலில் நான்.
சன்னியை மட்டும் அணைத்து வைத்தேன்.
அன்று முழுக்க போன் அடிக்கவில்லை.
"அம்மா, நின்னுபோச்சு" என்று யாரும் சொல்லவில்லை.
லோரிகளுக்கு நடுவே
எடுத்து எடுத்துப் பார்த்தேன்.
பதினொன்றாவது லோரிக்கு
எண்ணைத் தப்பாக எழுதினேன்.

சாயங்காலம் கைக்கு வேலை இல்லை.
சன்னியின் பானெட்டைத் தூக்கினேன்,
எதையாவது குறை சொல்லலாம் என்று.
எண்ணெய் சரி. தண்ணீர் சரி. பெல்ட் இறுக்கம் சரி.
குனிந்தபோது
பாட்டரித் தட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே
கறுத்துப்போய், மசகு அப்பி,
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

புக்கிட் மெர்தாஜாம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது.
மழைக்கால மேடு பள்ளமெல்லாம் வந்திருக்கிறது.
எங்களோடு பினாங்குப் பாலம் இரண்டுமுறை கடந்திருக்கிறது.
விழவில்லை.

துடைத்து ஆணியில் மாட்டினேன்.
பிறகு திரும்பி வந்து எடுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது;
காஞ்சிலுக்கு ஈரம் ஆகாது.