பூண்டுச் சாக்கில் வந்தது

மேற்குக் கடலில் புயல் என்று ரேடியோ சொன்ன மூன்றாம் நாள்
பூம்பாறை கால்நடை மருந்தக மேசைமேல்
ஒரு பூண்டுச் சாக்கை வைத்தான் குழந்தைவேலு.
"காக்கா மாதிரி இருக்கு சார். காக்கா இல்ல."

கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு,
கத்தரிக்கோல் வால்.
விரலிடுக்கில் சவ்வு.

பதினோரு வருடமாக இங்கே எனக்குத் தெரிந்தவை
கோமாரி ஊசி, சினை ஊசி,
மூட்டை சுமக்கும் மட்டக்குதிரையின் முதுகுப்புண்.
சவ்வுக்காலை நான் தொட்டதில்லை.
அந்தக் காலில் ஒரு வளையம்,
வளையத்தில் ஆறு எண்கள், தேய்ந்த முகவரி.

மீன்காரர் சனிக்கிழமைதான் வருவார்,
வத்தலக்குண்டிலிருந்து ஐஸ் பெட்டியோடு.
அன்று செவ்வாய்.
கன்றுக்குட்டிக்கு வைத்திருந்த குளுக்கோஸைச்
சொட்டுச் சொட்டாக அலகில் விட்டேன்.
ஒவ்வொரு சொட்டுக்கும் தலையை உதறியது.

இரவு ஒன்பதரைக்கு லூர்து செல்வி கூப்பிட்டாள்.
இடிந்தகரைக்காரி. வளையம் மாட்டியவள்.
பின்னால் துறைமுக இரைச்சல்.
"குளுக்கோஸா? அது கடல்தண்ணி குடிக்கிற ஜாதி சார்."
ஆலா என்று பெயர் சொன்னாள்.
பறந்தபடியே தூங்குமாம்.
வருடக்கணக்கில் தரை தொடாதாம்,
முட்டையிட மட்டும் இறங்குமாம்.

இறங்குகிற தரையையும் சொன்னாள்:
இந்த முனையில் நின்று கத்தினால்
அந்த முனையில் கேட்கிற தீவு.
பவளம் நொறுங்கிய மணல். கிணறு கிடையாது.
கூடுகூடக் கிடையாது,
வெறும் மணலில் ஒற்றை முட்டை,
அதன்மேல் நிழலாக ஒரு பறவை.
"படகை விட்டு இறங்குமுன்
அரிசிச் சாக்கு, கயிறு, கூடாரத்துணி
எல்லாத்தையும் உதறிப் பார்ப்போம் சார்.
ஒரு சினை எலி போதும்."
நான்கு வருடமாக மாவு தூவிய தகட்டில்
எலிக்கால் தடம் இல்லையாம்.
சொல்லும்போது குரல் தாழ்ந்தது,
கண்பட்டுவிடும் என்பதுபோல.

எங்கள் பூண்டுக் கிட்டங்கியில்
நானூறு எலியாவது இருக்கும் என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"சாக்கோட எதுவும் அனுப்பிராதீங்க" என்றாள்.

வைக்குமுன் கேட்டாள்:
"உங்க மலையில தரையில முட்டை வைக்கிற பறவை உண்டா?"
தெரியாது என்றேன்.

விடியலில் பறவை செத்திருந்தது.
ஒரு சிறகு விரிந்து
மருந்துப் பதிவேட்டின்மேல் கிடந்தது.
வளையத்தைக் கழற்றி உறையில் போட்டேன்.
முகர்ந்தேன். பூண்டுதான் அடித்தது.

மேலே புல்மேட்டில் புதைக்கலாம் என்று
மண்வெட்டியோடு ஏறினேன்.
அடிவாரம் முழுக்க மேகம்,
மேட்டின் முதுகு மட்டும் வெளியே.
இரண்டு மழைக்குமுன் முழங்கால் அளவிருந்த சவுக்குக் கன்றுகள்
இப்போது என்னைவிட உயரம்.
புல் மிச்சமிருந்த ஒரு திட்டில்
மண்வெட்டியை ஓங்கினேன்.
காலடியிலிருந்து ஒன்று கிளம்பியது,
பழுப்பாக, வாலை ஆட்டிக்கொண்டு, ஒரு கல்லில் போய் நின்றது.
எருமைக் குளம்பு பதிந்த பள்ளத்தில்
புல்லால் ஒரு கிண்ணம்.
அதில் இரண்டு முட்டை,
யாரோ மூக்குப்பொடி தூவியதுபோல்.

ஓங்கிய மண்வெட்டியை மெதுவாக இறக்கினேன்.
வந்த தடத்திலேயே
பின்பக்கமாக நடந்தேன்.

ஆலாவைப் பாதையோரம் புதைத்தேன்.
இறங்கும்போது கைக்கு எட்டிய
சவுக்குக் கன்றுகளைப் பிடுங்கினேன், ஏழோ எட்டோ.
பெரியது ஒன்று வரவில்லை.
உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம்.

செல்வியின் எண்ணுக்கு அடித்தேன்.
தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறாளாம்.
படகு போயிருக்கும்.
இந்நேரம் அந்த மணலில் குந்தி
சாக்கை உதறிக்கொண்டிருப்பாள்.

மாதக் கடைசியில் திரும்புவாள்.
உண்டு என்று சொல்ல வேண்டும்.
இரண்டு முட்டை. மேட்டின் தென்சரிவு.
பறவையின் பெயரை
அதற்குள் கேட்டு வைக்க வேண்டும்.