எண்ணூறு மில்லிலிட்டர்

செவ்வாய், வியாழன், சனி.
பீல் நகரில் எனக்குக் கிழமை மூன்றுதான்.
மற்ற நாலும் உடம்புக்குள் ஏறும் தண்ணீர்.

காலை ஆறே முக்காலுக்குத் தராசு,
பிறகு கதிரை.
தாதி ஸ்பின்டன் என் பெயரைத்
தில்லை, அம், பலம் என மூன்று துண்டாக்கிப் பாடமாக்கியிருக்கிறாள்.
ஊசி இரண்டு: ஒன்று எடுக்க, ஒன்று திருப்பித்தர.
சீட்டுக்காசில்கூட இத்தனை நாணயத்தை நான் கண்டதில்லை.

போன மாதம் மனத்தைத் தளர்த்தப் பழக்க
ஒரு பெடியன் வந்தான், பெயர் லோயிக்.
"கண்ணை மூடுங்கள்.
கடற்கரை ஒன்றை நினையுங்கள்.
அலை வருகிறது, போகிறது."
நாளுக்கு எண்ணூறு மில்லிலிட்டர்க்காரியிடம்
கடலைக் கொண்டுவந்து காட்டுகிறான்!
பக்கத்துக் கதிரை ஜான்ரே பிரெஞ்சில் ஏதோ சொன்னார்,
எனக்கு விளங்கியது பீர் என்ற சொல் மட்டும்.
சிரித்த சிரிப்பில் கை அசைந்து மெசின் கத்தியது.

பெடியன் கோபிக்கவில்லை. கடலைச் சுருட்டி வைத்தான்.
"ஆட்மன்," என்றான். மூச்சுவிடு என்பதற்கு ஜெர்மன்.
என் காதில் அது எப்போதும் ஆத்மன் என்றே விழும்.
அவ்வளவு பெரிய சாமான் வேண்டாமடா தம்பி,
மூச்சே போதும் என்று
விடப் பார்த்தேன்.
வரவில்லை.

இருபத்திரண்டு வருடம் கடிகாரத் தொழிற்சாலை.
கண்ணில் பூதக்கண்ணாடி, விரலில் சாமணம்.
விநாடி முள் தலைமயிரிலும் மெல்லிசு,
மூச்சுப் பட்டால் பறந்துவிடும்.
அடக்கி, பொருத்தி, பிறகு விடுவேன்.
விட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.
எத்தனை ஆயிரம் மூச்சு
இன்னும் விலாவுக்குள் அடுக்கியபடி இருக்கிறதோ!
விசாக் கடிதம் பிரித்தபோது அடக்கியதும்,
கிரியட்டினின் எண்ணை டொக்டர் வட்டமிட்டபோது அடக்கியதும்.

"அப்படியானால் வேறு ஏதாவது பாருங்கள்,
உடம்பில் இப்போது எது அசைகிறது?"

இடது கையில், நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இடத்தில்
ஒரு பூனை இருக்கிறது.
மூன்று விரல் வைத்தால் உறுமும்.
உறுமல் நின்றால் உடனே ஆஸ்பத்திரி,
அதனால் ஒவ்வொரு காலையும் பயத்தோடு மட்டுமே தொடுவேன்.
அன்று, ஊசிகளுக்குச் சற்று மேலே,
இருக்கிறாயா என்று கேளாமல்
இருப்பதைக் கேட்டேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை.
பொஸ்பேற் அப்படியே. மாற்றுச் சிறுநீரகப் பட்டியல் அப்படியே.
போன சனி ஜான்ரேயின் கதிரை வெறுமை.
புதிதாய் விரித்த தாள், ஒரு சுருக்கம் இல்லை.
இந்த அறையில் யாரும் யாரையும் கேட்பதில்லை.
முதல் மணித்தியாலத்தில் அவரை அடக்கம் செய்தேன்.
இரண்டாவதில் என்னை.
மூன்றாவதில்தான் பூனை ஞாபகம் வந்தது.
ஊசி கழற்றும்போது ஸ்பின்டன் சொன்னாள்:
விடுமுறை, லொகார்னோவில் இருக்கிறார், அங்கேயும் மெசின் உண்டு.
ஏரி முழுவதையும் ஒரு தபாலட்டையில் அனுப்பியிருக்கிறார், கள்ளக் கிழவன்.

இரவு இரண்டு மணி.
இன்றைய கணக்கு ஒன்பதுக்கே முடிந்தது,
கோவா வறையில் உப்புக் கூடியது என் பிழை.
நாக்கு பழைய செருப்புத் தோல்.
ஒரு ஐஸ்கட்டி எடுத்தேன், நாளைய கடன்.
கடிக்கவில்லை.
முதலில் மூலைகள் போயின.
பிறகு நடுவில் அடைபட்டிருந்த காற்று
சின்னதாய் வெடித்தது.
யன்னலுக்கு வெளியே மாக்லிங்கன் மலைரயிலின் தண்டவாளம், ரயில் இல்லாமல்.
தாகம் போகவில்லை.
கொஞ்சம் தள்ளி அடுத்த கதிரையில் உட்கார்ந்திருந்தது.

குளியலறைக் கதவு மெல்லச் சாத்தப்படுகிறது.
அவர்தான்.
ஒன்பது மாதமாய் என் முன்னால் ஒரு மிடறு குடித்ததில்லை.
குழாயை நூலாய்த் திறந்து,
திருடனைப் போல் விழுங்குவார்.

"கதவைத் திறந்துவைத்துக் குடியுங்கோ,
நானும் கேட்கிறன்."

நெடுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு தாழ்ப்பாள்.
பிறகு தண்ணீர்.