மூன்றில் இரண்டு

டிரேட்டனில் பீட்ரூட் அறுவடை முடிந்த மறுநாள்
விடிவதற்குள் வரிசை நீண்டுவிட்டது.
பன்னிரண்டு டிரெய்லர்கள், பெயின்ட் உரிந்த ஒரு பள்ளிப் பேருந்து,
எல்லாம் ஒரே ஒரு குழியை நோக்கி.
நாளை தண்ணீரை அடைத்துவிடுவார்கள்.
அதற்குள் அவரவர் வயிற்றை அவரவர் கழுவிக்கொண்டு
தெற்கே போய்ச் சேர வேண்டும்.

என் முறை.
கையுறை போட்டேன். ஹோஸை இழுத்தேன்,
குளிரில் விறைத்து மடங்க மறுத்தது.
முதலில் கருப்புத் தொட்டி, பிறகு சாம்பல் தொட்டி:
எனக்குத் தெரிந்த ஒரே சாத்திரம் இது.
மலத்தைப் போகவிட்டு, அது போன தடத்தைப்
பாத்திரம் கழுவிய தண்ணீரால் கழுவ வேண்டும்.
மாற்றிச் செய்தால்
ஃப்ளோரிடா வரைக்கும் நாறும்.

கருப்புக் கைப்பிடியை இழுத்தேன்.
அசையவில்லை.
டயரில் காலை ஊன்றி இழுத்தேன்.
பனி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தது.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
ஒரு தடவைதான், ஆனால் நீளமாக.

உள்ளே போய் அளவு விளக்கைப் பார்த்தேன்.
மூன்றில் இரண்டு.
அது எப்போதும் அதையேதான் சொல்லும்.
காலியாக வாங்கிய அன்று மூன்றில் இரண்டு.
கக்கூஸ் வாய் வரை ததும்பிய இரவும் மூன்றில் இரண்டு.
எப்படி இருக்கிறாய் என்று கேட்டால்
பதினொரு வருடமும் ‘பரவாயில்லை’ என்றே சொல்லிவந்து
கிளம்பிப்போன அன்றும் அதையே சொன்ன
விர்ஜிலைப் போல.

வெளியே ஓடெல் ப்ரெஸ்காட் நின்றிருந்தான்.
மூன்று வாரம் ஒரே குவியலில் எங்களுக்கு இரவு வேலை.
லாரியைத் தப்பாகப் பின்னால் வரச் சொன்னேன் என்று
இரண்டாம் நாளே எல்லார் முன்னாலும் கத்தியவன்.
அதற்குப் பிறகு எங்களுக்குள் கையசைவுகள் மட்டும்:
வா. நில். கொட்டு. போ.

கையில் கெட்டில், மூக்கில் ஆவி.
“தள்ளு, ஆர்டிஸ்.”
மண்டியிட்டு வால்வின் கழுத்தில்
கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்,
காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி புகட்டுகிற மாதிரி.
தீர்ந்ததும் போய் இன்னொரு கெட்டில்.
“இப்போ இழு.”

முதலில் ஒரு விக்கல்.
பிறகு குபுகுபுவென்று மொத்தமும்.
ஹோஸுக்கு உயிர் வந்து துள்ளியது,
ஆளுக்கொரு பக்கம் மிதித்துப் பிடித்தோம்.

ஹோஸின் முழங்கை மட்டும் கண்ணாடி போல இருக்கும்.
என்ன போகிறது என்று பார்ப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.
போனது:
மூன்று வாரத்து டின் பீன்ஸ்,
பகலில் தூங்குவதற்காக விழுங்கியவை,
விடியும்வரை அடக்கி அடக்கி வைத்திருந்தவை.
கட்டியவனும் காணாத என்னை
ஓடெல் ஓரடி தூரத்தில் நின்று பார்த்திருக்கலாம்.
அவனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு
தொலைவில் புகைந்துகொண்டிருந்த பீட்ரூட் மலையைப் பார்த்தான்.
“நல்ல விளைச்சல்” என்றான்.
எதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

தண்ணீர்க் குழாயை மாட்டித் தொட்டியை நிரப்பினேன்,
திறந்துவிட்டேன்.
நிரப்பினேன், திறந்துவிட்டேன்.
மூன்றாம் முறை டீ நிறம்.
மறுபடி ஹாரன்.
ஓடெல் திரும்பிக்கூடப் பார்க்காமல்
அந்தத் திசைக்கு உள்ளங்கையைக் காட்டினான்:
நில்.

பிறகு சாம்பல்.
சோப்பு நுரை, ஒரு சுருள் முடி, ஒற்றை நூடுல்ஸ்
வழுக்கிக்கொண்டு போயின.
கடைசியில் முழங்கைக்கு அந்தப் பக்கம்
அவன் பூட்ஸின் கயிறு தெரிந்தது,
அவிழ்ந்திருந்தது.

மூடியைத் திருகினேன். கையுறையை உரித்துப் போட்டேன்.
விளக்கை அழுத்தினேன்.
மூன்றில் இரண்டு.
“என்னுடையது எப்போதும் காலி என்று காட்டும்” என்றான்
ஜன்னலுக்கு வெளியே இருந்து.
“காபி போடட்டுமா? உன் கெட்டிலைக் கொடு.”
“அந்தக் கெட்டில் வேண்டாம்.”

அவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு வண்டி இருந்தது.
என்னுடையதை ஓரங்கட்டிவிட்டு
புதுக் கையுறை ஒரு ஜோடியோடு இறங்கிவந்து காத்திருந்தேன்.
கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது, அவனுடைய டிரெய்லர்
பின்பக்கமாக மெல்ல ஊர்ந்து வந்தது.
கண்ணாடியில் அவன் கண்ணைத் தேடிப் பிடித்து
கையை உயர்த்தினேன்.
வா. வா.
நில்.
கொட்டு.