பிழை திருத்தப் பிரிவு

மணி மூன்றே கால்.
புதுச்சேரி நகராட்சி, பிறப்பு இறப்புப் பதிவகம்,
இரண்டாவது மேசை.
காலையில் கடற்கரைச் சாலை நினைவுத்தூணுக்கு மாலை வைக்க
வண்டிகளைத் திருப்பிவிட்டதில் இன்று எனக்குத் தாமதம்.
எதிரே முத்தியால்பேட்டை ஆள் ஒருவர்,
கையில் பிரமாணப் பத்திரம்.
அவர் அப்பா அழகேசன்
பழைய பிரெஞ்சுப் பேரேட்டில் அஜகேசனாகக் கிடக்கிறார்.
வாரத்துக்கு நாலு பேர் இப்படி.
நம் ழகரத்துக்கு எந்தத் துரை முதலில் ஜே போட்டானோ,
ஏழுமலை ஏஜுமலை ஆனார்,
இறந்தும் ஆகிக்கொண்டிருக்கிறார்.
சிவப்பு மையில் அடிப்பேன், மேலே எழுதுவேன்,
சுருக்கொப்பம்.

சித்திரையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன்,
பாரீசுக்கு வடக்கே, ரயிலில் முக்கால் மணி.
ஞாயிறன்று சும்மா இருக்க மாட்டாமல் காரை எடுத்தான்.
கோதுமை, கோதுமை, பிறகு ஓர் ஊர்.
நூற்றிருபது பேர். கடை கிடையாது.
ரொட்டிக்கு ஓர் எந்திரம், காசு போட்டால் துப்பும்.
ஊர்ப் பெயரில் பத்து எழுத்து.
பத்தையும் சொன்னேன்.
நாலுதான் சொல்லவேண்டுமாம்.

மின்கம்பத்தடியில் துருப்பிடித்த குண்டுகள்,
சந்தையில் பனங்கிழங்கு அடுக்கினாற்போல.
உழும்போது இன்னும் வருகிறதாம்.
பட்டாளத்து வண்டி வந்து அள்ளிப்போகுமாம்.
பக்கத்திலேயே ஒரு பையன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக்
கழன்ற சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான்.

ஊர் எல்லையில் முழங்கால் உயர மதில்,
உள்ளே நாற்பத்தொரு கல்.
தம்பி சிகரெட்டுக்கு ஒதுங்கினான்.
நான் தொழில் புத்தியில் வாசித்துக்கொண்டே போனேன்,
எங்காவது எழுத்துப்பிழை இருக்குமா என்று.

முப்பத்தேழாவதில் இருந்தது.
பஜனி.
காலாட்படை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.
ஊர் இருக்கவேண்டிய இடத்தில் 'காலனி'.

எனக்கு உறவில்லை.
எங்கள் தெருவிலேயே பழனி மூன்று பேர்,
ஒருவன் தண்ணீர் கேன் போடுகிறவன்.

டிராக்டரிலிருந்து இறங்கி வந்தாள் மேயரம்மா ஒதீல்,
சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ்.
நவம்பர் பதினொன்றில் வருஷா வருஷம்
நாற்பத்தொரு பெயரையும் அவள்தான் உரக்கச் சொல்வாளாம்.
அது பஜனி இல்லை, என்றேன்.
நாக்கை மடியுங்கள். அண்ணத்தைத் தொடப்போய்த் தொடாமல் விடுங்கள்.
பலனி என்றாள். பரனி. பயனி.
சிரித்தாள், பிறகு இடம் நினைவு வந்து வாயைப் பொத்தினாள்.
"நூறு வருஷமாகத் தப்பாகவா கூப்பிட்டோம்?"

திரும்பும்போதுதான் தோன்றிற்று.
பதுங்குகுழியில், விடியுமுன், சார்ஜெண்ட்
பட்டியல் வாசித்திருப்பான்: பஜனி.
இவன் 'உள்ளேன்' என்றிருப்பான்,
தன்னைத்தான் என்று தெரிந்து.
பழனி என்றவர்கள் கப்பல் துறையோடு நின்றுவிட்டார்கள்.
அந்த ஜே
அளவு சேராத பட்டாளத்துக் கோட்டைப் போல,
குளிருக்குப் பழகிப் போயிருக்கும்.
பிழை என்றால் தப்பு.
பிழை என்றால் உயிரோடு இரு.
அந்தப் பிழையில் எத்தனை நாள் பிழைத்தானோ.
கைப்பையில் இருந்த சிவப்புப் பேனா
ஊர் வந்து சேரும்வரை உறுத்திற்று.

மூன்றரை. அங்கே பதினொன்று.
முத்தியால்பேட்டைக்காரர் இருமுகிறார்.
பத்து நிமிஷம் கழித்துக் கைபேசி அதிர்கிறது.
குரல் பதிவு, பதினாலு நொடி.
காற்று. ஒலிபெருக்கியின் கரகரப்பு.
மேயரம்மா இல்லை, ஏதோ பொடியன்:
ப.
பிறகு நடுவில் ஒரு சத்தம்.
ஜ இல்லை.
ழ என்று அடித்துச் சொல்லவும் முடியாது.
கிளிஞ்சலை வாய்க்குள் போட்டுப் புரட்டினமாதிரி.
அப்புறம் னி.

இன்னொரு தரம் போட்டுக் கேட்கிறேன்.

"எந்த எழுத்தும்மா போடப்போறீங்க?"
நிமிர்கிறேன்.
"உங்கப்பா தன் பேரை
எப்படிச் சொல்லுவார்?"
பேனாவை இன்னும் திறக்கவில்லை.